3 மில்லிமீட்டர் எலும்புக்காக நான் பட்ட பாடு

காது மூக்கு தொண்டை மேற்படிப்பான எம்.எஸ். ஈ.என்.டி. படித்துக்கொண்டிருக்கும், அல்லது இப்போதுதான் முடித்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். காது அறுவை சிகிச்சையில் அடிக்கடி வருபவை சில, எப்போதாவது வருபவை சில. செவிப்பறை ஓட்டையை அடைப்பதும், காதுக்குப் பின்னால் சீழ் பிடித்த மாஸ்டாய்டு எலும்பைக் குடைந்து சுத்தம் செய்வதும் நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் வாரம் தவறாமல் நடக்கும். நடுக்காதின் குட்டி எலும்பான ஸ்டேப்ஸில் செய்யும் அறுவை, முக நரம்பின் மேலிருக்கும் எலும்பை எடுத்து அழுத்தத்தைக் குறைப்பது, பிறவியிலேயே மூடியிருக்கும் காதுக்குப் பாதை அமைப்பது, தீராத தலைசுற்றலுக்காக உள்காதைத் திறப்பது எல்லாம் எப்போதாவதுதான். இந்த இரண்டாவது வகையைக் கற்றுக்கொள்வதற்காக நான் கிட்டத்தட்ட மூன்று வருடம் அலைந்தேன். வராமல் போன சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது. அதில் பாதிக்கு மேல் தண்டச் செலவு. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும்.

நான் 2019-ல் சேர்ந்த பேட்ச். முதல் வருடம் வழக்கம்போல வார்டு, டிரஸ்ஸிங், எமர்ஜென்சி என்று போயிற்று. இரண்டாம் வருடம் தியேட்டருக்குள் நுழைய வேண்டிய நேரத்தில், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எலும்பில் டிரில் ஓடும்போது தண்ணீரும் தூளும் புகைபோலத் தெறிக்கும். நடுக்காதோ மூக்கின் பின்புறத்தோடு குழாய் வழியாக இணைந்த இடம். அதனால் அவசரமில்லாத காது அறுவைகள் அத்தனையும் நின்றுபோயின. அது கொஞ்சம் தளர்ந்து, லிஸ்டில் மறுபடி காது கேஸ் வரத் தொடங்கியதும் கருப்புப் பூஞ்சை வந்தது. 2021 மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்க வேண்டிய நோய் என்று ஆணையிட்ட சமயத்தில் எங்கள் தியேட்டர் இரவு பகலாக மூக்குக்கும் சைனஸுக்கும்தான் ஓடியது. ஆம்போடெரிசின் ஊசிக்கு நோயாளியின் சொந்தக்காரர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். எண்டோஸ்கோப்பில் செத்த திசுவை எடுப்பதில் என் கை நன்றாகவே பழகியது. பரீட்சை எழுதி வெளியே வந்தபோது மூக்கில் தைரியமான ஆள் நான். காதில் செவிப்பறை ஒட்டுவேன், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் மாஸ்டாய்டும் செய்வேன். ஸ்டேப்ஸ் அறுவையைப் பார்த்ததோ மானிட்டரில் மட்டும்தான்.

சும்மா கொரோனாவைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. எனக்கு முன்னால் படித்தவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன், நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஸ்டேப்ஸ் எலும்பு இறுகிப்போய் காது கேட்காமல் போகும் ஓட்டோஸ்கிளிரோசிஸ் நோய்க்கு, 1956-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஜான் ஷே என்பவர் அந்த எலும்பை எடுத்துவிட்டு டெஃப்லான் மாற்று வைத்தார். அதுவரை பல பத்தாண்டுகளாகக் காது கேட்காமல் இருந்தவர்கள் அத்தனை பேரும் வரிசையில் வந்தார்கள். அந்தத் தலைமுறை சர்ஜன்களுக்குக் கேஸுக்குப் பஞ்சமே இல்லை. தேங்கியிருந்தவர்களுக்கெல்லாம் செய்து முடித்த பிறகு, புதிதாக வருபவர்கள் மட்டும்தான் மிச்சம். அவர்களிலும் பாதிப்பேர் காது மிஷின் போதும் என்று போய்விடுகிறார்கள். ஆக ஒரு யூனிட்டுக்கு வருடத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வரும். அது வரும் நாளில் சீஃப் தானே செய்வார். அவரையும் தப்பு சொல்ல முடியாது, அவருடைய கையும் விட்டுப்போகாமல் இருக்க வேண்டுமே.

படித்து முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு பெண் வந்தார். முப்பதை ஒட்டிய வயது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு காது மந்தமாகிக்கொண்டே வருகிறது என்றார். செவிப்பறை கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. "வீட்ல பேசறது கேக்கல டாக்டர், பஸ்ல போனா நல்லா கேக்குது" என்று அவர் சொன்னதுமே ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்று எனக்குப் புரிந்துவிட்டது. 512 டியூனிங் ஃபோர்க்கைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தால் நன்றாகக் கேட்கிறது, காதுக்கு முன்னால் பிடித்தால் கேட்கவில்லை. கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமில் 2000 ஹெர்ட்ஸில் இந்த நோயில் வரும் அந்தப் பழகிய பள்ளம். பாடப்புத்தகத்தில் படம் போட்டுக் காட்டுவது போன்ற கேஸ். மிஷின் வைப்பதில் அவருக்கு விருப்பமில்லை. கணவர், "நீங்களே பண்ணிடுங்க டாக்டர், வேற ஊருக்கு எங்க அலையறது" என்றார். சென்னையில் ஒரு பெரியவரிடம் அனுப்பி வைத்தேன். அனுப்பியது சரிதான், இன்றைக்கும் அதையேதான் செய்வேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. மூன்று வருடம் படித்து, நோயைச் சரியாகக் கண்டுபிடித்து, கடைசியில் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறவளாகத்தான் இருக்கிறேனா என்று அழுகையே வந்துவிட்டது. அந்த வேகத்தில்தான் கோர்ஸ்களுக்குப் பணம் கட்ட ஆரம்பித்தேன்.

முதலில் போனது ஒரு பெரிய ஹோட்டலில் நடந்த லைவ் சர்ஜரி நிகழ்ச்சி. கட்டணம், ரயில், லாட்ஜ் எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ஆனது. பெரிய திரையில் அழகான அறுவைகள், நல்ல சாப்பாடு, ஒரு பை, ஒரு சான்றிதழ். என் கைக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்தது, காது அடங்கியிருக்கும் டெம்போரல் எலும்பைக் குடைந்து பழகும் டிசெக்ஷன் கோர்ஸ். முப்பதாயிரம் கட்டினேன். போய்ப் பார்த்தால் ஒரு மைக்ராஸ்கோப்புக்கு மூன்று பேர், எலும்போ ஏற்கெனவே யாரோ ஒருவர் பாதி குடைந்து வைத்தது. ஃபார்மலினில் வருடக்கணக்காக ஊறியதால் உள்ளேயிருக்கும் மெல்லிய ஜவ்வுகளெல்லாம் காய்ந்த தோல் மாதிரி விறைத்துக் கிடந்தன. ஸ்டேப்ஸ் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லவே இல்லை, முன்னால் வந்தவர் அடித்துக்கொண்டு போயிருக்கிறார். டிரில்லில் மாட்டும் டயமண்ட் பர் முனை மழுங்கியிருந்தது. என் முறை வந்தபோது மதிய உணவு இடைவேளை அறிவித்துவிட்டார்கள்.

எல்லாக் கோர்ஸும் இப்படி இருப்பதில்லை. பிற்பாடு நான் போன ஒன்று பைசாவுக்குப் பைசா தகும். வித்தியாசம் என்னவென்றால் அதற்குப் பணம் கட்டும் முன் போன் போட்டு நச்சரித்துக் கேட்டேன். ஆளுக்கு ஒரு மைக்ராஸ்கோப் உண்டா, பகிர வேண்டுமா? யாரும் தொடாத முழு எலும்பு எனக்கென்று கிடைக்குமா? ஃபார்மலினில் வைத்ததா, உறைய வைத்த புது எலும்பா? கட்டிங் பர், டயமண்ட் பர் இரண்டும் புதிதாகத் தருவார்களா? சொல்லித்தருபவர்கள் மேடையில் இருப்பார்களா, என் முழங்கைக்குப் பக்கத்தில் இருப்பார்களா? மாஸ்டாய்டோடு நிறுத்திவிடுவார்களா, ஸ்டேப்ஸுக்கும் அதற்கு மாற்றாக வைக்கும் பிஸ்டனுக்கும் தனியாக நேரம் உண்டா? இதற்கெல்லாம் மழுப்பினால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே அங்கே போய்வந்த யாரிடமாவது "உன் கையில் டிரில் எவ்வளவு நேரம் இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். மற்றது தானாகத் தெரிந்துவிடும்.

அதற்கப்புறம் ஃபெல்லோஷிப். வேறு மாநிலத்தில், பெயர் வேண்டாம். எழுபத்தைந்தாயிரம் கட்டணம், உதவித்தொகை கிடையாது, வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். விளம்பரத்தில் செயல்முறைப் பயிற்சி என்றுதான் இருந்தது. போனபின் ஓ.பி. பார்ப்பது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது, காதை மூடிக் கட்டுப் போடுவதுதான் என் பங்கு. ஸ்டேப்ஸ் கேஸ்கள் நிறையவே வந்தன. நான் பக்கவாட்டு ஐபீஸில் பார்த்துக்கொண்டு நின்றேன். தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "முதல்ல பாருங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை. வாடகை, சாப்பாடு, வராத சம்பளம் எல்லாம் போட்டால் இந்தப் பயணம் ஒன்றில் மட்டும் மூன்றரை லட்சம். வீட்டில் கேட்டால் நன்றாகப் போகிறது என்று சொல்லிவிடுவேன்.

அங்கே வீணாகாதது ஒன்று உண்டு என்றால் என் நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு கேஸிலும் எந்தக் கட்டத்தில் அங்கிருந்த சர்ஜன் நிதானித்தார், எந்தக் கருவியை எந்தக் கையில் மாற்றினார், எங்கே மைக்ராஸ்கோப்பைச் சாய்த்தார் என்று எழுதி வைத்தேன். வீடியோவில் இதெல்லாம் தெரியாது. ஃபெல்லோஷிப் போகிறவர்களுக்கு என் யோசனை: சேரும் முன்னாலேயே "எந்தெந்தக் கட்டங்களை நான் என் கையால் செய்வேன்?" என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். பதில் வராவிட்டால் அது பார்வையாளர் இடம்தான். பார்ப்பதற்கு இரண்டு வாரம் போதும், அரை வருடம் தேவையில்லை.

ஊருக்குத் திரும்பி வந்து, சுற்றுவட்டாரத்தில் காது அறுவைக்குப் பெயர் போன ஒரு மூத்த சர்ஜனிடம் போய் நின்றேன். ரிட்டயர்டு பேராசிரியர், சொந்த கிளினிக் வைத்திருந்தார். ஸ்டேப்ஸ் கற்றுக்கொடுங்கள் என்றதும் சிரித்தார். "ஸ்டேப்ஸ்ல அப்படி என்னம்மா இருக்கு, படி படியா சொல்லு பாப்போம்" என்றார். சொன்னேன். காதுக்குழாயில் ஊசி போடுவது, கீறுவது, தோலையும் செவிப்பறையையும் சேர்த்து மடலாகத் தூக்குவது, சுவை நரம்பான கார்டா டிம்பானியைக் காயப்படுத்தாமல் ஒதுக்குவது, மேல்புறமும் பின்புறமும் துருத்தியிருக்கும் எலும்பைச் சுரண்டி ஸ்டேப்ஸின் அடித்தகடான பாதத்தையும் முக நரம்பையும் தெளிவாகப் பார்ப்பது, எலும்புகள் அசைகின்றனவா என்று தொட்டுப் பார்ப்பது, நீளம் அளப்பது, மூட்டைப் பிரிப்பது, தசைநாணை வெட்டுவது, ஸ்டேப்ஸின் வளைவை ஒடித்து எடுப்பது, பாதத்தில் துளை போடுவது, பிஸ்டனை இறக்குவது, அதன் வளையத்தைப் பக்கத்து எலும்பான இன்கஸில் மாட்டி இறுக்குவது. "இதுல எதையெல்லாம் சாதாரண செவிப்பறை ஆபரேஷன்ல தினமும் பண்ணலாம்?" என்று கேட்டார். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். அசைவு பார்ப்பது வரை எல்லாமே செய்யலாம். செவிப்பறை ஒட்டும் ஒவ்வொரு கேஸிலும் மடலைத் தூக்குகிறோம், கார்டாவைப் பார்க்கிறோம், எலும்புச் சங்கிலி அசைகிறதா என்று தொட்டுப் பார்க்கிறோம், தேவைப்படும் இடத்தில் எலும்பைச் சுரண்டவும் செய்கிறோம். எலும்புச் சங்கிலியைச் சீரமைக்கும் கேஸ்களில் மூட்டுப் பக்கமும் கை போகும். உண்மையிலேயே அரிதாக வருபவை கடைசியில் வரும் நாலைந்து கட்டங்கள்தான்.

எனக்கு மூன்று வருடமாக யாரும் சொல்லாதது இதுதான். அரிய அறுவை என்று நாம் பயப்படுவதில் பெரும்பகுதி வாரந்தோறும் நம் கைக்கு வந்து போகிற வேலை. அதை நாம் அந்தக் கண்ணோடு செய்வதில்லை. அன்றிலிருந்து சாதாரண செவிப்பறை அறுவையைக்கூட ஸ்டேப்ஸ் கேஸ் என்று நினைத்துக்கொண்டே செய்தேன். மடலைக் கிழியாமல் தூக்க வேண்டும், ஒரு சொட்டு ரத்தம்கூட நடுக்காதுக்குள் இறங்கக் கூடாது, கார்டாவை இழுத்துவிடக் கூடாது. காதுக்குழாய்க்குள் ஸ்பெக்குலம் வைத்து வேலை செய்வதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். இப்போது பி.ஜி.க்கள், அதாவது மேற்படிப்பு மாணவர்கள், மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற விதி இருக்கிறதே, பலரும் அதை வெட்டி வேலை என்று புலம்புகிறார்கள். எனக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அங்கே காதில் அழுக்கு எடுப்பதிலிருந்து எல்லாவற்றையும் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இரண்டு கையாலும் செய்து பழகியிருப்பேன்.

சரி, மீதி நாலைந்து கட்டங்களுக்கு என்ன செய்வது? அதற்கு ஆட்டுத்தலை. செம்மறியோ வெள்ளாடோ, நடுக்காது அமைப்பு நம்முடையதைப் போலவே இருக்கும். எலும்புகள் கொஞ்சம் சிறியவை, அவ்வளவுதான். ஆனால் வாங்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு. நம் ஊரில் தலையைத் தீயில் வாட்டித்தான் கொடுப்பார்கள். வாட்டினால் காதுத் தோலும் செவிப்பறையும் வெந்து போய்விடும். எங்கள் கறிக்கடை பாயிடம் வாட்டாத தலை வேண்டும், கண்டபடி வெட்டாமல் நட்டநடுவே நேராகப் பிளந்து தர வேண்டும் என்று கேட்டேன். அப்படிப் பிளந்தால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காதும் முழுசாகக் கிடைக்கும். "என்ன டாக்டரம்மா, வாட்டாம எப்படிக் குழம்பு வைப்பீங்க?" என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்ன பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும் எனக்கென்று தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தார். மூளையை மட்டும் அம்மா வாங்கிக்கொள்வாள். மற்றதைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும்.

கருவிக்கு நான் பெரிதாகச் செலவு செய்யவில்லை. மூத்த சர்ஜனின் கிளினிக்கில் பழைய மைக்ராஸ்கோப் ஒன்று மூலையில் கிடந்தது, அதைச் சாயங்காலங்களில் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். இனி அறுவைக்கு ஆகாது என்று ஒதுக்கிய பழைய நுண்கருவிகள், பிக், ஹுக் என்று சில கொடுத்தார். கையுறை, மாஸ்க், கண்ணாடி கட்டாயம். பிராணியின் எலும்புத்தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. வேலை முடிந்ததும் மேசையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்து, கழிவைப் பையில் கட்டி முறையாக அப்புறப்படுத்த வேண்டும். இந்தக் கருவிகளை நோயாளிக்குப் பயன்படுத்தும் கருவிகளோடு ஒருபோதும் கலக்கக் கூடாது.

ஆட்டுக் காதில் பழகக் கிடைப்பது என்னவென்றால், மூட்டைப் பிரிப்பது, தசைநாணை வெட்டுவது, வளைவை ஒடிப்பது, துளை போடுவது, பிஸ்டன் மாட்டுவது. அதாவது எது அரிதோ அதுவே. காலாவதியான பிஸ்டன்களைத் தியேட்டர் சிஸ்டர் எடுத்துத் தந்தார். ஆரம்பத்தில் பிஸ்டனின் வளையத்தை இன்கஸில் மாட்டுவதற்குள் கழுத்து வியர்த்துவிடும். மனிதனில் பாதத் தகடு சுமார் 3 மில்லிமீட்டர் நீளம், அதில் பாதி அகலம். அதில் 0.4 அல்லது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிஸ்டன் இறங்க வேண்டும். ஆட்டில் அந்தத் தகடு இறுகியிருக்காது, தொட்டால் அசையும். அதனால் கொஞ்சம் அழுத்தினாலும் மொத்தமாகக் கழன்று வந்துவிடும். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, மனிதனில் பாதம் இப்படிக் கழன்று மிதந்துவிடுவதுதான் நாம் அதிகம் பயப்படும் சிக்கல்களில் ஒன்று. அந்த பயத்துக்குத் தேவையான மென்மையை ஆடு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறது. மாஸ்டாய்டுக்கு மட்டும் ஆட்டை நம்ப வேண்டாம், நமக்கிருக்கும் காற்றறைகள் அதற்கு அப்படி அமைவதில்லை. அதற்கு மனித எலும்போ முப்பரிமாண அச்சில் செய்த மாதிரியோதான் சரி. டிரில்லின் கனத்தைக் கைக்குப் பழக்க, முட்டை ஓட்டை டயமண்ட் பர்ரால் தேய்த்து உள்ஜவ்வு கிழியாமல் திறந்து பாருங்கள். மூளை உறைக்கும் சிரைக்குழாய்க்கும் மேலிருக்கும் எலும்பை மெலிதாக்கும்போது கைக்குத் தெரியும் அதே உணர்வு அதில் கிடைக்கும்.

அப்புறம் நிஜக் கேஸ். மூத்த சர்ஜன் கேஸ் முழுவதையும் தூக்கிக் கொடுக்கவில்லை. முதலில் எலும்பு சுரண்டுவது மட்டும் என்னுடையது. அது ஒழுங்காக வந்தபின் அடுத்த கேஸில் அளப்பதும் மூட்டைப் பிரிப்பதும். பின்னொரு கேஸில் அவர் துளை போட, பிஸ்டன் இறக்கியது நான். ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரம் குறித்திருந்தார். அதற்குள் முடியாவிட்டால் பேச்சில்லாமல் கருவியை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். இது எனக்கு அவமானமாகத் தோன்றவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. யாரும் கத்தவில்லை, நோயாளிக்கும் ஆபத்தில்லை. சில சர்ஜன்கள், சூரிச்சின் உகோ ஃபிஷ் சொன்னபடி, வளைவை எடுக்கும் முன்னாலேயே துளை போட்டுப் பிஸ்டனை வைத்துவிடுவார்கள். பாதம் மிதக்கும் வாய்ப்பு அதில் குறைவு. எங்கள் சர்ஜன் இரண்டு முறையையும் செய்து காட்டினார். கற்றுக்கொள்ளும் காலத்தில் ஒரே முறையில் நின்றுவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

முழுவதும் நானே செய்த முதல் கேஸ் லோக்கல் மயக்கத்தில் நடந்தது. பிஸ்டனை மாட்டி இறுக்கிய பிறகு மூத்த சர்ஜன் நோயாளி அம்மாவின் காதருகே மெதுவாக ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னார். "தென்காசி" என்று திருப்பிச் சொன்னார்கள். மாஸ்குக்குள் என் மூக்கு ஒழுகியது, துடைக்கக்கூட முடியவில்லை. சில வாரம் கழித்து எடுத்த ஆடியோகிராமில் எலும்பு வழியாகக் கேட்பதற்கும் காற்று வழியாகக் கேட்பதற்கும் இடையிலான இடைவெளி 10 டெசிபலுக்குள் வந்திருந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டேப்ஸ் அறுவையில் நல்ல கைகளிலும்கூட நூற்றில் ஒருவருக்கு அந்தக் காது முற்றிலும் செத்துப்போகலாம். கற்றுக்கொள்பவருக்கு அந்த எண் கூடும். அதனால் தியேட்டருக்குள் போகும் முன்பே எங்கே நிறுத்துவது என்று எழுதி வைத்துக்கொள்வோம். முக நரம்பு பாதத்தின் மேல் தொங்கி மறைத்திருந்தால் கற்றுக்கொள்பவர் கை எடுக்க வேண்டும். பாதம் மிதந்தால் எடுக்க வேண்டும். துளை போட்டதும் நீர் பீறிட்டு வந்தால் எடுக்க வேண்டும். பிறவியிலேயே கேட்காத காது என்றால் சி.டி. ஸ்கேன் இல்லாமல் தொடவே கூடாது. நோயாளியிடமும், உங்கள் அறுவையில் சில கட்டங்களை மூத்த சர்ஜனின் மேற்பார்வையில் இன்னொரு டாக்டர் செய்வார் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறோம். முகத்துக்கு நேராகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். மறுத்தால் அத்துடன் விட்டுவிட வேண்டும்.

எல்லாரும் ஸ்டேப்ஸ் செய்துதான் ஆக வேண்டுமா என்று என்னிடம் படிக்கும் பி.ஜி.க்கள் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். கை ஓரளவு நிலைப்பதற்கு 50 கேஸ் வேண்டும் என்று 1991-ல் ஒரு அமெரிக்க ஆய்வும், அதைவிடக் கூடுதலாக வேண்டும் என்று 2006-ல் ஒரு இங்கிலாந்து ஆய்வும் சொல்லின. மூன்று வருடப் படிப்பில் இதை எந்தக் கல்லூரியும் தர முடியாது. பேட்சில் விருப்பமும் பொறுமையும் உள்ள ஒருவரிடம் வருகிற கேஸ்களைச் சேர்த்துக் கொடுப்பதே நல்லது, ஆளுக்கு ஒரு கேஸ் என்று பங்கு போட்டால் யாருக்கும் ஒன்றும் வராது. சமமாகப் பிரிப்பதே நியாயம் என்று நினைக்கும் சீஃப்கள் இதில் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும். மற்றவர்களுக்கு அவசியம் தெரிய வேண்டியது கேஸை அடையாளம் கண்டு சரியான இடத்துக்கு அனுப்புவது. மூடிய காதோடு பிறந்த குழந்தைக்கு சி.டி. பார்த்து, காது அறுவைக்கு எவ்வளவு தோதானது என்று சொல்லும் ஜார்ஸ்டோர்ஃபர் மதிப்பெண் போடத் தெரிய வேண்டும். 10-க்கு 5-ம் அதற்குக் கீழும் வந்தால் பாதை அமைக்கும் அறுவைக்கு ஆசைப்படாமல் எலும்பு வழிக் கேட்கும் கருவிக்கு வழிகாட்டத் தெரிய வேண்டும். விபத்தில் முகம் கோணி வருபவருக்கு நரம்பு எவ்வளவு செயலிழந்திருக்கிறது என்று முதல் இரண்டு வாரத்துக்குள் எலக்ட்ரோநியூரோகிராஃபி எடுக்க வைக்கத் தெரிய வேண்டும். நாள் கடந்து அனுப்பினால் எவ்வளவு பெரிய சர்ஜனாலும் அதிகம் செய்ய முடியாது.

முக நரம்பு விஷயத்தில் இன்னொன்று. அந்த அறுவை அரிது என்றாலும், மாஸ்டாய்டைச் சரியாகக் குடைந்து, பக்கவாட்டு அரைவட்டக் குழாயையும் இன்கஸின் குட்டைக் கொம்பையும் அடையாளம் பிடித்து, நரம்புக்கு மேல் மெல்லிய எலும்பு மட்டும் மிஞ்சும்படி நிறுத்தப் பழகிவிட்டால் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். காக்ளியர் இம்ப்ளாண்டுக்குப் போகும் பாதையும் அதே நரம்புக்கும் கார்டாவுக்கும் நடுவில்தான். ஆகவே சீழ்க் காது கேஸ்களை அலுப்போடு செய்யாதீர்கள். நோயெல்லாம் எடுத்து முடித்த பிறகு சீஃப் அனுமதித்தால், நரம்பை எங்கே எதிர்பார்க்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அப்புறம் பாருங்கள். நான் என் பி.ஜி.க்களிடம் இதை ஒவ்வொரு கேஸிலும் கேட்கிறேன், அவர்களுக்கு என் மேல் கோபம்தான்.

செய்த அறுவைகளைக் குறித்து வைக்கும் லாக் புக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செய்தேன், அசிஸ்ட் செய்தேன் என்று இரண்டே சொல்லில் எழுதாதீர்கள். எந்தக் கட்டம், யார் கை, எங்கே கருவியை ஒப்படைத்தேன், ஏன் என்று நாலு வரி எழுதுங்கள். அடுத்த கேஸ் எட்டு மாதம் கழித்து வந்தாலும் எங்கிருந்து தொடங்குவது என்று சீஃபிடம் காட்டலாம். "சார், போன தடவை அளக்கிறது வரைக்கும் பண்ணினேன், இந்தத் தடவை மூட்டு நான் பிரிக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஸ்டேப்ஸ் கொடுங்கள் என்று மொட்டையாகக் கேட்டால் யாருமே கொடுக்க மாட்டார்கள்.

பணத்தை எதில் முதலில் போடுவது என்று கேட்பவர்களுக்கு என் வரிசை இது. மாதம் ஓரிரண்டு ஆட்டுத்தலை, கூடவே கல்லூரியில் சும்மா கிடக்கும் பழைய மைக்ராஸ்கோப்பைப் பயன்படுத்த எழுத்துப்பூர்வ அனுமதி. அனாடமி துறைத் தலைவரிடம் போய்ப் பேசினால் உடல்தானம் மூலம் வந்த எலும்பு முறைப்படி கிடைக்கவும் வாய்ப்புண்டு. அதற்குப் பிறகு மேலே சொன்ன கேள்விகளுக்கெல்லாம் நேராகப் பதில் சொல்லும் கோர்ஸ் ஒன்று. ஃபெல்லோஷிப் கடைசி, அதுவும் உங்கள் கை ஆட்டுக் காதில் தடுமாறாமல் பிஸ்டன் மாட்டத் தொடங்கிய பிறகு. அந்த வீடியோவைப் போனில் வைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போங்கள்.